அணையாத நெருப்பு

(படிப்பகமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"செரோக்கி மக்களின் இன்றைய வாழ்வு" என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. அமெரிக்க மண்ணின் தொல்குடிகளுள் ஒன்று அந்த இனம். செவ்விந்தியர் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது எது? திரைப்படம் காட்டிய உருவந்தான். தலையில் இறகு, கையில் அம்பு, குதிரை மேல் கூச்சல், இறுதியில் வெள்ளையனின் துப்பாக்கிக்கு இரையாகிச் சாய்தல்! படம் முடிகிறது, அந்த இனமும் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு நாம் வீடு திரும்புகிறோம்.

முடியவில்லை, தோழர்களே! செரோக்கியர் இன்றும் இருக்கின்றனர். தேர்தல் நடத்துகின்றனர். சட்டம் இயற்றுகின்றனர். பள்ளியும் மருத்துவமனையும் ஏடும் நடத்துகின்றனர். ஓக்லஹோமா மாநிலத்தில் டாலக்குவா நகரைத் தலைநகராகக் கொண்ட செரோக்கி நேஷனில் மட்டும் 4,50,000-க்கு மேற்பட்டோர் குடிமக்களாகப் பதிவு பெற்றுள்ளனர். அதே நகரில் ஐக்கிய கிட்டூவா குழு என்னும் தனி அரசும் உண்டு. கிழக்கே, வட கரோலினாவின் மலைச் சரிவில், குவாலா என்னும் நிலப்பகுதியில் கீழைச் செரோக்கியர் வாழ்கின்றனர். மூன்று அரசுகள், மூன்றையும் அமெரிக்கக் கூட்டரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மொழி ஒன்று, வரலாறு ஒன்று.

இவர்களைப் பற்றி இங்கு ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நாட்டை இழந்த ஓர் இனம், ஆட்சியை இழந்த ஓர் இனம், மொழியையும் இழக்கும் விளிம்புக்கு வந்துவிட்ட ஓர் இனம் எதைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்கிறது என்பதை அறிய வேண்டுமல்லவா? அதற்காகத்தான்.

முதலில் எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

செக்குவோயா என்பவர் வெள்ளி வேலை செய்தவர். ஆங்கிலம் படிக்கவோ எழுதவோ அறியாதவர். வெள்ளையர் தாளில் கீறி அனுப்பும் குறிகள் தொலைவிலிருப்போனுக்கும் செய்தி சொல்வதைக் கண்டார். நம் மொழிக்கு ஏன் இது கூடாது என்று எண்ணினார். ஆண்டுகள் பல உழைத்து 1821-இல் செரோக்கி மொழிக்கு ஓர் எழுத்து முறையை முடித்தார். சொல்லுக்கு ஒரு குறி என்று தொடங்கிப் பார்த்தார். அது முடிவில்லாமல் நீண்டது. அசைக்கு ஓர் எழுத்து என்று மாற்றினார், வெற்றி கண்டார். நம் உயிர்மெய் எழுத்தைப் போல ஓர் ஒலித்துணுக்குக்கு ஒரு குறி. மொத்தம் 86 எழுத்துக்கள். பின்னர் ஒன்று வழக்கொழிந்து 85 ஆயிற்று. முதலில் கற்றவள் அவருடைய சின்னஞ்சிறு மகள். ஊரார் ஐயுற்றனர், தந்தையும் மகளும் தனித்தனியே இருந்து எழுதியும் படித்தும் காட்டவே, ஐயம் தீர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்த இனத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் தொகை வியக்கத்தக்க வகையில் பெருகியது. 1825-இல் செரோக்கி அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 1827-இல் அரசியல் சட்டம் எழுதினர். 1828, பிப்ரவரி 21-இல் ஜார்ஜியா எல்லைக்குள் இருந்த நியூ எக்கோட்டா என்னும் தலைநகரில் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற ஏடு வெளிவந்தது. செரோக்கியும் ஆங்கிலமும் அருகருகே அச்சான ஏடு அது. ஆசிரியர் எலியாஸ் பூடினாட்.

'நாகரிகம் அற்றவர்' என்று ஏசினர் அல்லவா? இதோ எழுத்து, இதோ சட்டம், இதோ ஏடு என்று காட்டினர். காட்டியும் பயன் என்ன? ஜார்ஜியாவில் பொன் கிடைத்தது. பொன்னைக் கண்டவனுக்கு நாகரிகத்தின் இலக்கணம் மறந்து போயிற்று. 1830-இல், ஆண்ட்ரூ ஜாக்சன் குடியரசுத் தலைவராயிருந்தபோது, தொல்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றும் சட்டம் பிறந்தது.

செரோக்கியர் வில்லை எடுக்கவில்லை. வழக்கு மன்றத்தின் படியேறினர். 1832-இல் உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் வாயிலாக, செரோக்கி நாட்டினுள் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லா என்று தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றனர், நாட்டை இழந்தனர்! 1835-இல், செரோக்கி அரசின் ஒப்புதலைப் பெறாத சிறு குழுவினரிடம் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வாங்கப்பட்டது. அந்தக் கையெழுத்துக்களுள் 'ஃபீனிக்ஸ்' ஏட்டின் முதல் ஆசிரியர் பூடினாட்டின் கையெழுத்தும் ஒன்று என்பது வேதனை தரும் உண்மை. முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் மறுத்தார். பதினையாயிரத்துக்கு மேற்பட்டோரின் எதிர்ப்பு மனு அமெரிக்க மன்றத்துக்குப் போயிற்று. அதற்கு முன்பே மேலவை அந்த உடன்படிக்கையை, வேண்டிய வாக்குக்கு ஒரே ஒரு வாக்கு மிகுதி பெற்று, நிறைவேற்றி விட்டிருந்தது.

1838 கோடையில் படை வந்தது. வீட்டிலிருந்தோரை வீட்டிலிருந்தும், கழனியிலிருந்தோரைக் கழனியிலிருந்தும் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டைவேலிக் கொட்டடிகளில் அடைத்தனர். பின்னர் மேற்கு நோக்கிப் பயணம். எண்ணூறு மைலுக்கு மேற்பட்ட வழி. நடுவே கொடிய குளிர்காலம். ஏறத்தாழ 16,000 பேர் அகற்றப்பட்டனர். 4,000 பேர் அளவில் மாண்டனர் என்று கணக்கிடுகின்றனர். அதைத்தான் 'கண்ணீர்த் தடம்' என்று உலகம் குறிக்கிறது.

போய்ச் சேர்ந்தவர்கள் என்ன செய்தனர்? உட்கார்ந்து அழவில்லை. 1839, செப்டம்பர் 6-இல் டாலக்குவாவில் மீண்டும் அரசியல் சட்டம் எழுதினர். 1844-இல் மீண்டும் ஏடு தொடங்கினர். 1851-இல் ஆண்களுக்கொன்றும் பெண்களுக்கொன்றுமாக உயர்கல்விக் கூடங்கள் திறந்தனர். அரை நூற்றாண்டு சென்றது. மீண்டும் இடி விழுந்தது! 1898-இல் வந்த சட்டம் அவர்களுடைய வழக்கு மன்றங்களை மூடிற்று. பொது நிலத்தைத் துண்டு துண்டாக்கித் தனி ஆட்களுக்குப் பங்கிட வழி செய்தது. பங்கிட்ட நிலம் கடனுக்கும் சூதுக்கும் இரையாகி அயலார் கைக்குப் போயிற்று. 1907-இல் ஓக்லஹோமா மாநிலம் பிறந்தது. அதன் பின் செரோக்கியரின் தலைவரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரே அமர்த்தலானார். தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 1970-இல் சட்டமாகி, 1971-இல்தான் தேர்தலாக மலர்ந்தது.

இவ்வளவுக்கும் பிறகு பண்பாடு எப்படிப் பிழைத்தது? அரண்மனையில் பிழைக்கவில்லை, அடுப்பங்கரையிலும் ஆடுகளத்திலும் பிழைத்தது.

ஓக்லஹோமாவின் காட்டோரங்களில் அவர்களுடைய ஆடற்களங்கள் உள்ளன. நடுவிலே நெருப்பு. சுற்றிலும் ஏழு குலத்தாருக்குரிய பந்தல்கள். குலம் தாய்வழியே வருவது. இரவில் ஆட்டம் தொடங்குகிறது. முன்னவர் ஓரடி பாட, பின்னவர் மறுமொழி பாட, நெருப்பை இடஞ்சுழியாகச் சுற்றிவருகின்றனர். காலில் கூழாங்கல் இட்ட ஆமையோடுகளைக் கட்டிய பெண்கள் தாளம் தருகின்றனர். பெண்கள் இன்றேல் ஆட்டமில்லை; ஏனெனில் தாளமில்லை. விடியும்வரை இது நடக்கும். கிழக்கிலிருந்து வந்தபோது தங்கள் நெருப்பையும் உடன் கொண்டுவந்தனர் என்று அவர்கள் மரபு கூறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலத்தைக் கூறுபோடும் திட்டத்துக்கு இணங்க மறுத்த ரெட்பேர்டு ஸ்மித் என்னும் பெரியவர் இந்தக் களங்களுக்குப் புத்துயிர் ஊட்டினார். இன்றைய ஆட்டம் அந்த மறுப்பின் தொடர்ச்சி. இது பார்வையாளருக்காக நடைபெறும் கூத்து அன்று. தங்களுக்காகத் தாங்களே நடத்தும் வழிபாடு.

வேனிற் காலத்தில் காட்டு வெங்காயம் பறித்து, முட்டையோடு சேர்த்துச் சமைத்து, ஊர்ப்பொது விருந்து வைக்கின்றனர். கோவிலுக்கோ ஊர் மன்றத்துக்கோ பணம் திரட்டும் வழியும் அதுவே. ஹிக்கரி என்னும் மரத்தின் கொட்டைகளை இடித்து உருண்டையாக்கி, வெந்நீரில் கரைத்து வடித்துச் செய்யும் கனுச்சி என்னும் கஞ்சியும் அவர்கள் வீட்டு உணவு. குவாலாவில் ஆற்றங்கரை நாணலைக் கீறி, சாயமேற்றி, உள்ளொன்றும் புறமொன்றுமாக இரட்டைப் பின்னல் கூடை முடைகின்றனர். 1946-இல் அங்குக் கைவினைஞர் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். இடைத்தரகனின் கைக்குப் போன இலாபம் முடைந்தவள் கைக்கு வரத் தொடங்கிற்று. முன்னோர் பயிரிட்ட சோளம், அவரை, பூசணி இவற்றின் விதைகளைக் காத்துக் குடிமக்களுக்கு வழங்கும் விதை வங்கி ஒன்றைச் செரோக்கி நேஷன் நடத்துகிறது. 2020-இல் அவற்றுள் ஒன்பது வகை, நார்வே நாட்டின் வடகோடியில் பனிமலைக்குள் அமைந்த உலக விதைக் காப்பகத்துக்குச் சென்றன. அமெரிக்கத் தொல்குடிகளுள் அங்கு விதை அனுப்பிய முதல் இனம் அதுதான். கண்ணீர்த் தடத்தின் பெயரையே தாங்கிய அவரை ஒன்றும் அந்த ஒன்பதில் அடக்கம். படை வந்து பிடித்தபோதும் முடிச்சில் விதையை மறக்காத குடி அது!

தோழர்களே! அவர்கள் மொழியில் 'கடூகி' என்றொரு சொல் உண்டு. ஊர் கூடி உழைத்தல் என்று பொருள். முதியவர் கழனியில் வேலை கிடந்தால் ஊரார் கூடி முடிப்பர். துணையிழந்தவள் வீட்டுக் கூரை சரிந்தால் ஊரார் கூடி நிமிர்த்துவர். கேட்க இனிமையான சொல்தான். ஆனால் இனிய சொற்கள் பல, மேடையில் பிறந்து மேடையிலேயே மடிகின்றன. இந்தச் சொல் அப்படி மடியவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? பெல் என்னும் சிற்றூருக்குச் செல்வோம்.

ஓக்லஹோமாவின் அடேர் வட்டாரத்திலுள்ள ஏழை ஊர் அது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. செரோக்கி நேஷனின் பணியாளராக அங்குச் சென்றார் வில்மா மேன்கில்லர் என்னும் பெண்மணி. 1956-இல், தொல்குடியினரை நகரங்களுக்குக் குடிபெயர்க்கும் அரசுத் திட்டத்தின்கீழ், சிறுமியாகக் குடும்பத்தோடு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனவர். உரிமைப் போராட்டங்களில் பாடம் கற்றுத் தாயகம் திரும்பியவர். ஊராரிடம் அவர் கேட்டது இதுதான்: உங்களுக்கு என்ன வேண்டும்? தண்ணீர் என்றனர். குழாயும் பொறியியல் அறிவும் வந்து சேரும். பள்ளம் தோண்டுவதும் குழாய் பதிப்பதும் உங்கள் கை என்றார். 'அந்த மக்கள் உழைக்க மாட்டார்கள்' என்று பழித்தவர்கள் இருந்தனர். ஏறத்தாழ 16 மைல் நீளத்துக்கு ஊராரே குழாய் பதித்தனர். தண்ணீர் வந்தது! தண்ணீரோடு தன்னம்பிக்கையும் வந்தது.

1985-இல் அந்த அம்மையார் செரோக்கி நேஷனின் முதன்மைத் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. 1987-இலும் 1991-இலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 1995 வரை பணியாற்றி, 2010-இல் மறைந்தார். 2022-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் உள்ளது. அதே நாணயத்தில் செக்குவோயாவின் எழுத்தில் 'செரோக்கி நேஷன்' என்றும் பொறித்திருக்கிறது. எந்த அரசு படையனுப்பி அகற்றியதோ, அந்த அரசின் காசிலே அந்த எழுத்து!

ஆனால், நாணயத்தில் எழுத்து இருந்தால் போதுமா? நாவிலே மொழி இருக்க வேண்டாமா? இங்கேதான் நெஞ்சை உலுக்கும் உண்மை நிற்கிறது. நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் என்றேன். தாய்மொழியாகச் செரோக்கியைப் பேசி வளர்ந்தோர், மூன்று அரசுகளையும் சேர்த்து எண்ணியபோதும், 2019-இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர்தான். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அடிபட்ட பிள்ளை வளர்ந்து தாயானபோது, தன் பிள்ளைக்கு அந்த அடி வேண்டாம் என்று ஆங்கிலமே பேசினாள். அவள்மீது குற்றமில்லை, அடித்த கையின் மீதே குற்றம். எனினும் விளைவு ஒன்றுதான்: தொட்டிலில் மொழி நின்றுபோயிற்று.

2019-இல் மூன்று அரசுகளும் ஒன்றுகூடி, தம் மொழி நெருக்கடி நிலையில் உள்ளது என்று அறிவித்தன. அறிவிப்போடு நிற்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. 2001-இலேயே டாலக்குவாவில் மழலையரை முழுக்க முழுக்கச் செரோக்கி மொழியிலேயே பயிற்றும் பள்ளி தொடங்கியிருந்தது. கீழைச் செரோக்கியரும் குவாலாவில் அத்தகைய பள்ளி கண்டனர். வயது வந்தோருக்கு இன்னொரு திட்டம்: வாரத்துக்கு 40 மணி நேரம், இரண்டாண்டுக் காலம், முதியோருடன் அமர்ந்து மொழி கற்பதே வேலை, அந்த வேலைக்கு உதவித்தொகையும் உண்டு. உழைப்பவன் வயிற்றுக்கு வழி செய்யாமல் 'மொழியைக் காப்பாற்று' என்று அறிவுரை வழங்குவது எளிது. அவர்கள் வழி செய்தபின் கேட்கின்றனர்.

டர்பின் ஃபீலிங் என்னும் மொழியறிஞர், வியத்நாம் போரிலிருந்து திரும்பி, 1975-இல் செரோக்கி–ஆங்கில அகராதியைத் தந்தவர். கணிப்பொறியில் செரோக்கி எழுத்தை ஏற்றும் பணிக்கும் தோள் கொடுத்தவர். 2019-இல் அவர் பெயரால் சட்டமொன்று இயற்றி, மொழிப் பணிக்கு 1 கோடியே 60 இலட்சம் டாலர் ஒதுக்கினர். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 2022-இல் அவர் பெயரால் மொழி நிலையம் திறந்தனர். எந்தக் கட்டடத்தில் தெரியுமா? முன்பு சூதாட்ட விடுதியாக இருந்த கட்டடத்தில்! 2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசி வந்தபோது, மொழி அறிந்த முதியோரை முதல் வரிசையில் வைத்து ஊசி போட்டனர். ஒரு முதியவர் சாய்ந்தால் ஒரு நூலகம் எரிந்ததற்கு ஒப்பு என்பதை ஆட்சி உணர்ந்ததற்கு அடையாளம் அது.

'எல்லாம் சூதாட்டப் பணந்தானே' என்று குறுக்கே ஒரு குரல் எழலாம். ஆம், 1988-இல் வந்த கூட்டரசுச் சட்டத்தின் பின் விடுதிகள் எழுந்தன, பணம் வந்தது. குவாலாவில் 1997-இல் பெரிய விடுதி திறந்தனர். இலாபத்தில் பாதி குடிமக்களுக்குப் பங்காகப் போகிறது. அந்தப் பணத்தால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. நான் வாதாட வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர், நிலம் எங்கே போயிற்று என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2020-இல் டாலக்குவாவில் மருத்துவக் கல்லூரியொன்றைப் பல்கலைக்கழகத்துடன் கூட்டாகத் தொடங்கினர். 2024-இல் முதல் அணி மருத்துவர்கள் பட்டம் பெற்று வெளிவந்தனர். தொல்குடி மண்ணில் அத்தகைய கல்லூரி அமெரிக்காவில் அதுவே முதலாவது.

புகழ்ந்தே போனால் பொய் சொன்னவனாவேன். ஒரு கறையையும் காட்ட வேண்டும். செரோக்கியருள் செல்வர் சிலர் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். கண்ணீர்த் தடத்தில் அந்த அடிமைகளும் நடந்தனர், மாண்டனர். 1866 உடன்படிக்கை, விடுதலை பெற்ற அவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் முழு உரிமை உண்டு என்றது. ஆயினும் 2007-இல், 'குருதி வழி வந்தோரே குடிமக்கள்' என்று வாக்கெடுத்து, ஏறத்தாழ 2,800 பேரை வெளியே தள்ளினர். அகற்றப்பட்டவன் பேரன், தன்னோடு நடந்தவன் பேரனை அகற்றினான்! வழக்கு நடந்தது. 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் உரிமை உண்டென்று தீர்ப்பளித்தது. 2021-இல் செரோக்கி நேஷனின் உச்ச நீதிமன்றமே 'குருதி வழி' என்ற சொற்களை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கிற்று. ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருவன் நீதிமானாகிவிடுவதில்லை. தன் வீட்டு அநீதியைத் தானே திருத்தும்போதுதான் அவன் கோரும் நீதிக்கு முழு வலிமை பிறக்கிறது.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. நாட்டைப் பறித்த 1835 உடன்படிக்கையிலேயே, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் செரோக்கியருக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்று ஒரு விதி உண்டு. நிலத்தைக் கொள்ளும் பகுதி மூன்றே ஆண்டுகளில் படைபலத்தோடு நிறைவேறிற்று. இருக்கை தரும் பகுதி? 2019-இல் செரோக்கி நேஷன் கிம் டீஹீ என்னும் பெண்மணியைப் பிரதிநிதியாக அறிவித்தது. 2022-இல் சபைக் குழு ஒன்று விசாரித்தது. வாக்குறுதி தந்து நூற்றெண்பது ஆண்டுக்கு மேலாயிற்று. கேட்டவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. நிறுத்தாமல் கேட்டதற்குப் பலனும் உண்டு. 2020-இல் மஸ்கோகி இனத்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பின்பற்றி, 2021-இல் ஓக்லஹோமா நீதிமன்றம், செரோக்கியரின் நிலப்பரப்பு சட்டப்படி கலைக்கப்படவே இல்லை என்று உரைத்தது. நூறாண்டுக்கு மேல் 'இல்லை' என்றிருந்த நாடு 'உண்டு' என்றாயிற்று.

தோழர்களே! இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பண்பாடு கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பொருளன்று. அதற்குப் பள்ளி வேண்டும், பணம் வேண்டும், சட்டம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் வந்து வேலை செய்யும் ஆள் வேண்டும். இரவில் ஆடற்களத்தில் நெருப்பு தானே எரிவதில்லை. யாரோ ஒருவர் விறகு வெட்டுகிறார். யாரோ ஒருவர் கண்விழித்துக் காக்கிறார். முதியோரின் நாவிலிருந்து அந்த மொழி மழலையரின் நாவுக்குத் தாவுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவு செய்யப்போவது அடுத்த இருபது ஆண்டு. காலம் குறுகியது, அவர்கள் அதை அறிந்தே உழைக்கின்றனர்.

அந்த உழைப்பு வெல்லட்டும் என்று வாழ்த்துவோம். வாழ்த்தோடு நில்லாமல், நம் ஊர்ப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். திரைப்படம் முடித்துவைத்த கதை முடியவில்லை என்பதை அவர்கள் அறியட்டும்.